இரண்டாவது ரிங்

சந்தாபுரா
14 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். கதவைத் திறக்காமலே நீ சொன்னாயே, அதை அப்படியே செய்கிறேன். "இன்னா சொல்லணுமோ எழுதிக் குடு. முழுசா எழுது. அரை வார்த்தை இருந்தாலும் கிழிச்சிப் போட்டுடுவேன். இங்கிலீஷ் எழுத்தே வரக்கூடாது." லிங்கராஜபுரத்தில் உன் மாடிப்படி முழுக்க அது கேட்டது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கரண்ட் பில்லா சார்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இறங்கி வந்தேன். சொந்த அக்கா வீட்டு வாசலில் நிற்பதற்கு வேறு என்ன காரணம் சொல்வது.

எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கு எழுதவே வராது என்று தெரிகிறது. பொம்மசந்திரா குடோனில் நாள் முழுக்கப் போனில் தட்டிக்கொண்டிருப்பவன் நான். எந்த லாரி எங்கே நிற்கிறது, எந்தச் சரக்கு இறங்கியது எல்லாமே இரண்டு மூன்று எழுத்தில் முடிந்துவிடும். 'வண்டி வந்துவிட்டது' என்று நான் முழுதாக அனுப்பினால் டிரைவர்கள் பயந்துபோய், ஏதாவது தப்பா சார் என்று கூப்பிடுவார்கள். எழுதியும் கிழித்தும் இந்தத் தாள்வரை வந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போய் வருகிற நவம்பரோடு ஒரு வருஷம் ஆகிறது. பதினாறாம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் கல்லறையில் கல் வைக்கிறோம். கல்லை மூடியிருக்கும் துணியை மூத்த பிள்ளைதான் விலக்க வேண்டும் என்று பாஸ்டர் சொல்கிறார். அது நீதான். நீ வராவிட்டால் நான் விலக்கமாட்டேன். துணியோடே நிற்கட்டும் என்று பாஸ்டரிடமே சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

இன்னொன்று. கல்லில் என்ன வாசகம் போடுவது என்று மேஸ்திரி கேட்கிறான். அவனிடம் இருக்கிற மாதிரிக் கல்லில் எல்லாம் ஆர்.ஐ.பி. என்று பெரிதாகச் செதுக்கியிருக்கிறது. நான் சரி என்றேன். பக்கத்தில் நின்ற என் மகள் லீனா தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, போன் சார்ஜ் தீந்தாக்கூட நாங்க அதைத்தான் போடுவோம். மேத்ஸ் டெஸ்ட்டுக்கு முந்தின நாளும் போடுவோம். தாத்தாவுக்கு அது வேணாம், ப்ளீஸ்." அப்படியானால் வேறென்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லு. அப்பாவுக்கு எப்போதும் நீ சொன்னால்தான் சரி.

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் பதிலும் தாளில்தான் வர வேண்டும். தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் தம்பி
வின்சென்ட்


லிங்கராஜபுரம்
20 அக்டோபர் 2025

வின்சென்ட்டுக்கு,

ஸ்தோத்திரமெல்லாம் நன்றாகத்தான் போடுகிறாய். இன்று தீபாவளி. மற்ற நர்ஸுகள் லீவு கேட்டதால் எனக்கு இரட்டை டியூட்டி. வார்டில் வெடி சுட்ட கைகள் வரிசையாகக் கிடக்கின்றன. நடுவில் கிடைத்த நேரத்தில் எழுதுகிறேன், அதனால் கோபம் விட்டு விட்டுத்தான் வரும். குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

போன வருஷம் அன்றைக்கு நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் சீட்டு கிடைத்தது. போனை எடுத்து நம் குடும்பக் குரூப்பைத் திறந்தேன். மேலே யாரோ அனுப்பிய ரோஜாப்பூ குட் மார்னிங். கீழே யாரோ குக்கர் விற்கும் படம். நடுவில் நீ. 'அப்பா', அதன் பக்கத்தில் இ, எக்ஸ், பி. எக்ஸ்பயர்ட் என்பதைக்கூட முழுதாகப் போடவில்லை. அவ்வளவுதான். அதற்குள் அதன் கீழே கைகூப்பிய பொம்மைகள் வந்துவிட்டன. ஒரு ஆள் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். எதற்கு, நல்ல வேலை செய்தாய் என்றா?

அந்த மூன்று எழுத்தை நான் வேலையில் எழுதுகிறேன் வின்சென்ட். பெயர் தெரியாத ஆள், கூட யாரும் இல்லாத ஆள், ரோட்டில் அடிபட்டு வந்த ஆள், அவர்கள் சார்ட்டில் நேரம் போட்டு எழுதுகிற எழுத்து அது. எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவேன். சாலமனுடைய மகளுக்குச் சாலமன் செத்ததைச் சொல்ல உனக்கு அதுதானா கிடைத்தது?

நாம் வளர்ந்த தங்கவயல் சுரங்க லைன் வீடுகளில் எப்படிச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியாதா? கட்டிக் கொடுத்த பெண்ணுக்குச் சாவுச் சேதி என்றால் ஆள்தான் வர வேண்டும். வந்ததும் சொல்லமாட்டார்கள். "ஒடம்புக்கு சீரியஸாகீது, கெளம்பு" என்பார்கள். அவளுக்குப் புரிந்துவிடும், ஆனாலும் யாரும் சொல்லமாட்டார்கள். தண்ணீர் கொடுத்து, கூடவே உட்கார்ந்து, வாசல்வரை கூட்டிப் போவார்கள். வேண்டாம், ஆள் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். போன் செய்ய என்ன? நீ எனக்குப் போன்கூடச் செய்யவில்லை. கண்டக்டர்தான் என்னம்மா ஆச்சு என்று கேட்டார்.

சுருக்கி எழுதுவது எனக்குப் புதிதில்லை. நான் நர்ஸிங் ஹாஸ்டலில் இருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? மெசேஜ் பேக் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சிக்கனம் பிடித்தோம். பண்டிகை நாளில் பேக் செல்லாது என்பதால் கிறிஸ்துமஸ் வாழ்த்தை இருபத்து நான்காம் தேதியே அனுப்பி முடிப்போம். நான் பெங்களூர் வந்து இறங்கியதும் 'ரீச்டு' என்பதைச் சுருக்கி ஆர்-சி-எச்-டி என்று அனுப்புவேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. "அந்த நாலு பூச்சி வந்துடிச்சா?" என்று உன்னிடம் கேட்பாராம். அந்த வடிவத்தைப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்காருவார். அதற்கும் வழியில்லாத மாசக் கடைசியில் மிஸ்டு கால். ஒரு ரிங் விட்டு கட் செய்தால் சுகம், எடுக்காதே. இரண்டு தடவை வந்தால் உடனே கூப்பிடு. சுரங்கத்தில் ஆள் இறங்குகிற கேஜுக்கு மணி அடித்தே பேசிப் பழகியவர், வீட்டுக்கும் அப்படி ஒரு சட்டம் போட்டார்.

அப்போது சுருக்கினதற்குக் காரணம் இருந்தது. இப்போது உனக்கு என்ன பஞ்சம்?

இன்னும் கேள். நீ எனக்கு முதலில் 'சரி அக்கா' என்று அனுப்பிக்கொண்டிருந்தாய். பிறகு 'ஓகே அக்கா'. பிறகு வெறும் 'ஓகே'. பிறகு 'கே'. கடைசியில் ஒரு கட்டைவிரல். அக்கா எந்த வருஷம் காணாமல் போனாள் என்று உனக்கே தெரியாது. எனக்குத் தெரியும்.

கல்லில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள். நான் வரமாட்டேன்.

மலர்


பொம்மசந்திரா
24 அக்டோபர் 2025

அக்காவுக்கு,

குடோனில் லாரிக்கும் லாரிக்கும் நடுவே எழுதுகிறேன். பெட்டி மேல் தாளை வைத்திருப்பதால் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், திட்டாதே.

உன் கடிதத்தை வீட்டில் சத்தமாக வாசித்தேன். கட்டைவிரல் என்ற இடத்தில் லீனா கையைத் தட்டினாள். "அத்தை கரெக்டா சொல்றாங்க. கட்டைவிரல் போட்டா மூஞ்சில கதவைச் சாத்துற மாதிரிப்பா. வெறும் 'கே' போட்டா சண்டைன்னு அர்த்தம். நீங்க எங்க டீச்சருக்கே 'கே'ன்னு போட்டீங்க." நான் அவசரத்தில் போட்டேன் என்றால், "பூமர்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். சிரிக்கிற பொம்மைகூட இப்போது கிழவர்கள் போடுவதாம். அவர்கள் சிரிப்பு வந்தால் மண்டையோடு போடுகிறார்கள். அப்பா காரியம் முடிந்த வாரத்தில் குரூப்பில் யாரோ ஜோக் போட, இவள் அதற்கு மண்டையோட்டைப் போட்டுவிட்டாள். பெரியம்மா முறை ஒருத்தி அடுத்த சாவு யார் என்று போன் செய்து அழுதாள். நீ அப்போது குரூப்பை விட்டுப் போயிருந்தாய். இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

அக்கா காணாமல் போனாள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. பழைய மெசேஜை எல்லாம் தேடிப் பார்த்தேன். நீ சொன்னது உண்மைதான். வேலை, வண்டி, டிரைவர், எல்லாருக்கும் அனுப்புவதையே உனக்கும் அனுப்பியிருக்கிறேன். யாருக்கு அனுப்புகிறோம் என்பதே போய்விட்டது.

ஒரு லாரி வந்தது. இறக்கிவிட்டு வந்தேன்.

இனி என் பங்குக்கு நான் பேசுகிறேன். ஆள் அனுப்பவில்லை என்கிறாய். அனுப்பினேன். கம்மனஹள்ளியில் இருக்கும் ராஜேஷ்குமார், என்னோடு வேலை செய்கிறவன், அவனை எழுப்பி உன் வீட்டுக்கு ஓடச் சொன்னேன். விஷயத்தைச் சொல்லாதே, சீரியஸ் என்று மட்டும் சொல், கூடவே கூட்டிக்கொண்டு வா என்றுதான் சொன்னேன். லைன் வீட்டுப் பழக்கம் எனக்கும் தெரியும். உனக்கு நைட் டியூட்டி என்பது எனக்குத் தெரியாது. அவன் உன் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் போய்ச் சேர்ந்திருப்பான், உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான் என்ற நம்பிக்கையில்தான் மற்ற சொந்தக்காரர்களுக்காகக் குரூப்பில் போட்டேன்.

அந்த மூன்று எழுத்தைப் பற்றிக் கேட்டாய். அப்பா செத்துவிட்டார் என்று முழுதாகத் தட்ட ஆரம்பித்தேன். முதல் எழுத்திலேயே விரல் நின்றுவிட்டது. முழுதாக எழுதினால் நிஜமாகிவிடும் போல இருந்தது. குடோனில் தேதி முடிந்த சரக்குக்கு நாங்கள் போடுகிற எழுத்தும் அதேதான் அக்கா. விரல் தானாகப் போட்டது. நான் போட்டேன் என்று சொல்ல முடியாது, போடவில்லை என்றும் சொல்ல முடியாது.

ஆனால் நீ எழுதியதில் ஒன்று பொய். போன்கூடச் செய்யவில்லை என்கிறாய். செய்தேன். எல்லாருக்கும் முன்னால் உனக்குத்தான் செய்தேன். என் நம்பரைப் பார்த்தால் அப்புறம் பேசலாம் என்று விட்டுவிடுவாய், அப்பா நம்பர் என்றால் ஓடிவந்து எடுப்பாய் என்று நினைத்து அப்பாவின் போனிலிருந்து செய்தேன். ரிங் முழுதாகப் போனது. நீ எடுக்கவில்லை. ஒரு வருஷமாக இதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. நீ குற்றம் சாட்டிக்கொண்டே இருப்பதால் சொல்கிறேன்.

வின்சென்ட்


லிங்கராஜபுரம்
28 அக்டோபர் 2025

வின்சென்ட்,

உன் கடிதம் நேற்று வந்தது. இரவு டியூட்டிக்குப் போய், ஊசி போட வேண்டிய கட்டிலைத் தாண்டி அடுத்த கட்டிலில் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஆனதில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன்.

அப்பாவின் போனிலிருந்து நீ எத்தனை தடவை கூப்பிட்டாய்?

ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன். மிஸ்டு கால் சட்டம் பழைய கதை என்று நீ நினைத்திருப்பாய். எனக்கும் அப்பாவுக்கும் அது முடியவே இல்லை. பேசுவது இலவசமான பிறகும், உன் வீட்டுக்கு அவர் வந்த பிறகும், தினமும் விடியும்போது ஒரு ரிங் விட்டு கட் செய்வார். எழுந்துவிட்டேன், சுகம் என்று அர்த்தம். நான் எடுக்கமாட்டேன். ஒரு தடவை தெரியாமல் எடுத்துவிட்டேன். "எடுத்தா இன்னான்னு நெனைக்கிறது, ஒனக்கு இன்னா ஆச்சோன்னு பயந்துட்டேன்" என்று திட்டினார். அப்பா நம்பர் என்றால் ஓடிவந்து எடுப்பேன் என்று எழுதியிருக்கிறாய். உலகத்திலேயே நான் எடுக்கக்கூடாத ஒரு நம்பர் அதுதான்.

அன்றைக்கு நான் அடுத்த ஷிப்டுக்கு வார்டை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். போன் பையில் இருந்தது. வெளியே வந்து பார்த்தால் அப்பாவிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். இரண்டு என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். உடனே கூப்பிட வேண்டும். நான் கூப்பிடவில்லை. பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டு கூப்பிடலாம், முதல் ரிங் விட்டதை மறந்துபோய் மறுபடி விட்டிருப்பார், கிழவருக்கு மறதி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே சீட்டுத் தேடினேன். உட்கார்ந்து போனைத் திறந்தபோது குரூப்பில் உன் மூன்று எழுத்து இருந்தது.

மூச்சு வாங்கும்போது அப்பா என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நான் ஜன்னல் சீட்டுத் தேடியிருக்கிறேன். இந்த ஒரு வருஷமும் நான் இதோடுதான் வாழ்கிறேன். உன் மீது இருந்த கோபம் நிஜம்தான். ஆனால் உன் முகத்தைப் பார்த்தால் நீ இதைச் சொல்லிவிடுவாயோ என்றுதான் கதவைத் திறக்கவில்லை. 'அக்காவைத்தான் கூப்பிட்டாரு' என்று நீ சொன்னால் நான் எங்கே போவேன்.

இரண்டில் ஒன்று உன்னுடையது என்று இப்போது எழுதுகிறாய். அப்படியானால் மற்றது? அது அப்பா தினமும் விடுகிற ரிங்கா, இல்லை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விட்டதா? இரண்டுக்கும் நடுவில் அரை மணிகூட இல்லை. நேரத்தைப் போன் காட்டுகிறது. எந்த நிலைமையில் விட்டார் என்று அது சொல்லவில்லை.

எனக்கு ஆறுதல் சொல்கிறேன் என்று பொய் எழுதாதே. தினமும் நோயாளிகளின் சொந்தக்காரர்களிடம் நான் சொல்கிற பொய்தான் அது. வாசித்தாலே தெரிந்துவிடும். நடந்ததை மட்டும் எழுது.

மலர்


சந்தாபுரா
1 நவம்பர் 2025

அக்கா,

கர்நாடக ராஜ்யோத்சவத்துக்கு இன்று குடோன் லீவு. தெருவெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகக் கொடி, ஸ்பீக்கரில் பாட்டு. காதைப் பொத்திக்கொண்டு எழுதுகிறேன். தபாலை நம்பி இதை விட முடியாது. ராஜேஷ்குமாரிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தத் தடவை அவன் உன்னை வீட்டில் பார்த்துவிட்டுத்தான் திரும்புவான்.

நான் கூப்பிட்டது ஒரே ஒரு தடவை.

அன்றைக்கு நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அப்பா எப்போதும்போல எழுந்து மூலை பூத்துக்குப் பால் வாங்கப் போனார். லீனாவுக்கு டியூஷன், அவள் கேட் பக்கத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா பால் பாக்கெட்டை இடுக்கிக்கொண்டு வந்து, கேட்டிலேயே நின்று போனை எடுத்து அமுக்கினாராம். காதில் வைக்கவில்லை. முகத்துக்கு முன்னால் பிடித்துப் பார்த்துவிட்டு கட் செய்தார். இது நேற்றுவரை எனக்குத் தெரியாது. உன் கடிதத்தை வாசித்த பிறகு லீனாவிடம் கேட்டேன். அவள் சொன்னதை அவள் வாயாலேயே எழுதுகிறேன்: "தினம் அப்படித்தான்பா பண்ணுவார். அன்னைக்கு நான் கேட்டேன், தாத்தா யாருக்கு அடிச்சு கட் பண்றீங்கன்னு. உங்க அத்தைக்கி, கட் பண்லேன்னா அவ எடுத்துடுவா, வேலைல இருப்பாள்லன்னாரு. பால் பாக்கெட்டை என்கிட்ட தூக்கிப் போட்டாரு, கேட்ச்னு. நான் விட்டுட்டேன். சிரிச்சாரு."

நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனுஷன் பால் பாக்கெட்டைத் தூக்கிப் போடமாட்டார் அக்கா.

அப்புறம் உள்ளே வந்து, காபி போட்டுக் குடு என்றார். நான் அடுப்பு பற்றவைத்துத் திரும்புவதற்குள் நாற்காலியிலிருந்து சாய்ந்துவிட்டார். கூப்பிட நேரமில்லை. என் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஓனர் கோவிந்தப்பா ஓடி வந்தார். "ஸ்வல்ப நீரு கொடி, நீரு கொடி" என்று அவர்தான் தண்ணீர் வாங்கி அப்பா உதட்டில் விட்டார். இறங்கவில்லை. அவர் ஆம்புலன்ஸுக்கு என் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, அப்பா சட்டைப் பையிலிருந்து அவர் போனை எடுத்தேன். முதலில் இருந்தது உன் பேர்தான். அமுக்கினேன். எடு அக்கா எடு அக்கா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோவிந்தப்பா கூடவே இருந்தார். என்னை நம்ப முடியாவிட்டால் அவரைக் கேள், அவர் கன்னடத்தில்கூடப் பொய் சொல்லமாட்டார்.

அப்பா விட்டது ஒரு ரிங். அதற்கு என்ன அர்த்தம் என்று நீயே எழுதியிருக்கிறாய். இரண்டாவது நான் விட்டது. நான் நடுவில் வந்து அவர் சொன்னதை மாற்றிவிட்டேன். உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் செய்தேன், அது உனக்கு இப்படி வந்து சேரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன் கதவை உடைத்துக்கொண்டாவது அன்றே உன்னிடம் பேசியிருக்க வேண்டும். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்றுகூடக் கேட்காமல், வீம்புக்கு நானும் சும்மா இருந்துவிட்டேன்.

அப்பாவின் போன் என்னிடம்தான் இருக்கிறது. அந்த நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள் என்று பயந்து ரீசார்ஜ் செய்துகொண்டே வருகிறேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. என்றைக்காவது அடிக்குமோ என்று லீனா அதைப் பார்த்துக்கொண்டே போவாள். யார் கூப்பிடப் போகிறார்கள்.

வின்சென்ட்


சந்தாபுரா
8 நவம்பர் 2025

அக்கா,

நீ வாசலிலேயே நின்று கடிதத்தை வாசித்துவிட்டு, உள்ளே போய்த் தாழ் போட்டாய் என்று ராஜேஷ்குமார் சொன்னான். கொஞ்ச நேரம் நின்று பார்த்தானாம். உள்ளே குழாய் திறந்துவிட்ட சத்தம் மட்டும் கேட்டதாம்.

ஒரு வாரமாகிறது. தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நான் வெளியே வருகிறேன், அவர் இப்போது என்னைப் பார்த்ததும் கையை விரித்துக் காட்டிவிடுகிறார். மேஸ்திரி வாசகம் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டான். கல் வெறுமனே நிற்கிறது.

நான் பொய் எழுதியதாக நினைக்கிறாயா? அதை மட்டுமாவது சொல்லு. ஒரு வார்த்தை போதும். அரை வார்த்தை என்றாலும் சரி.

வின்சென்ட்


லிங்கராஜபுரம்
11 நவம்பர் 2025

தம்பி வின்சென்ட்டுக்கு,

பொய் இல்லை. பால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டார் என்று எழுதினாயே, அதை உன்னால் கற்பனை செய்ய முடியாது. உனக்கு அவ்வளவு புத்தி கிடையாது. எனக்கும் அப்படித்தான் போடுவார். நானும் கேட்ச் விட்டுவிடுவேன், அம்மா தரையைத் துடைத்துக்கொண்டே இரண்டு பேரையும் திட்டுவாள்.

குழாயைத் திறந்துவிட்டது அழுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்று. ராஜேஷ்குமாரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். போன வருஷம் பூட்டிய கதவு, இந்த வருஷம் சாத்திய கதவு, பாவம் அந்த ஆள். ஞாயிற்றுக்கிழமை அவரையும் சாப்பிடக் கூப்பிடு.

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், தூங்கிவிட்டேன். சொன்னால் சிரிப்பாய். இந்த ஒரு வருஷமாக நைட் டியூட்டி இல்லாத நாளிலும் விடிவதற்கு முன்னால் விழிப்பு வந்துவிடும். போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உன் கடிதம் வந்த மறுநாள் கண் விழித்தபோது வெயில் ஜன்னலில் இருந்தது. வார்டில் நான் வராததால் தேடியிருக்கிறார்கள். லீவு சொல்லிவிட்டு மறுபடி தூங்கினேன். அப்புறம் வாரம் முழுக்க டியூட்டி, தூக்கம், டியூட்டி, தூக்கம். பேனாவை எடுத்தால் கண் சொருகிப் போகும்.

உன் மீது உள்ள கோபம் எல்லாம் போய்விட்டது என்று நினைக்காதே. அந்த மூன்று எழுத்தை நான் மறக்கமாட்டேன். ஆனால் முதல் எழுத்திலேயே விரல் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறாயே, அதையும் மறக்கமாட்டேன். எடு அக்கா எடு அக்கா என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் என்னை அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாய், நான் கேட்கவில்லை.

கல்லுக்கு வாசகம்: 'சாலமன்' என்று பெயரை முழுதாகப் போடு, இனிஷியல் வேண்டாம். பிறந்த வருஷமும் போன வருஷமும் போடு. அதன் கீழே 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்'. ஒரு எழுத்தும் குறையக்கூடாது. நீளமாக இருக்கிறது என்று மேஸ்திரி முணுமுணுத்தால் நான் வந்து பேசிக்கொள்கிறேன். லீனா சொன்னது சரி, சார்ஜ் தீர்ந்த போனுக்குப் போடுவதை அப்பாவுக்குப் போட வேண்டாம். அவளுக்கு என் முத்தம். மண்டையோடு எப்போது போடலாம், எப்போது போடக்கூடாது என்று அவள் எனக்குச் சொல்லித் தர வேண்டும். வார்டில் சின்னப் பெண்கள் அனுப்புவது எதுவும் எனக்குப் புரிவதில்லை, பயந்து பயந்து திறக்கிறேன்.

உன் நம்பரை இன்று பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்காக உடனே கட்டைவிரல் அனுப்பாதே.

ஞாயிறு காலை மெட்ரோ மாறி பொம்மசந்திராவில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் வருவேன். கூட்டிப் போக யாரும் வர வேண்டாம், வழி தெரியும். சந்தாபுராவில் இறங்கியதும் அப்பா நம்பருக்கு ஒரு ரிங் விடுவேன். போனை உன் சட்டைப் பையில் வைத்திரு. அடிக்கும், லீனாவுக்குச் சொல்லி வை, பயப்படப் போகிறாள்.

நீ எடுத்துவிடாதே.

அக்கா